கேஸ் ஷீட்டுகளோடு 16 வருடம்

ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவமனைக்குள் எங்களை எம்.ஆர்.டி. என்பார்கள். சிகிச்சை முடிந்து நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கேஸ் ஷீட் எங்களிடம் வரும். பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா, டாக்டர் கையெழுத்து எங்காவது விட்டுப்போயிருக்கிறதா, டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா என்று பார்த்து, எண்படி ரேக்கில் அடுக்குவோம். அவரே மறுபடி வந்தாலோ டாக்டர் கேட்டாலோ எடுத்துக் கொடுப்போம். கீழ்த்தளத்தில் நீளமான ஓர் அறை, கூரையைத் தொடும் இரும்பு ரேக்குகள், டியூப் லைட் வெளிச்சம். வெளியே வெயிலா மழையா என்பதை உள்ளே வருபவரின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் மூன்று வருடம் இந்த வேலையை வெறுத்தேன். இன்று விரும்பிச் செய்கிறேன். அதற்கு இடையில் சம்பளம் பெரிதாக ஏறவில்லை, பதவி மாறவில்லை, அறையும் அதே அறைதான். 'மனநிலையை மாற்றினால் எல்லாம் மாறும்' என்று யாராவது சொன்னால் அந்த நாட்களில் எனக்குக் கோபம் வரும். இப்போதும் அந்தப் பேச்சை நான் முழுதாக ஏற்கவில்லை. அதில் பாதி உண்மை, பாதி ஆபத்து. இரண்டையும் நான் பட்டே தெரிந்துகொண்டதால் இதை எழுதுகிறேன்.

நான் படிக்க ஆசைப்பட்டது ஆய்வகத் தொழில்நுட்பம். இடம் கிடைக்கவில்லை. வீட்டு நிலைமைக்கு உடனே ஒரு வருமானம் வேண்டியிருந்தது, இந்த வேலை கிடைத்தது. 'தற்காலிகமாகத்தான்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு சொல் என்னை எவ்வளவு கெடுத்தது என்பது இப்போது தெரிகிறது. தற்காலிகம் என்று நினைத்த இடத்தில் நான் எதையும் முழுக் கவனத்தோடு செய்யவில்லை. மேஜையை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. கூட வேலை செய்தவர்களுடைய பிள்ளைகள் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. காலையில் வந்ததும் மாலை எப்போது வரும் என்று பார்ப்பேன். எட்டு மணி நேரத்தை இப்படித் தள்ளுவது எட்டு மணி நேரம் உழைப்பதைவிடச் சோர்வானது.

எங்கள் அடுக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு இலக்க எண். 48-27-63 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது கடைசி இரண்டு இலக்கம். 63-ஆம் பிரிவுக்குப் போய், அதற்குள் 27-ஆம் கட்டைத் தேடி, அந்தக் கட்டில் 48-ஐ உருவ வேண்டும். 00 முதல் 99 வரை மொத்தம் 100 பிரிவுகள். புதிதாக வரும் பைல்கள் எல்லாம் கடைசி ரேக்கில் போய்க் குவியாமல் அறை முழுக்கச் சமமாகப் பரவட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பல நாட்டு மருத்துவமனைகளில் இந்த முறை உண்டு. நல்ல முறைதான். ஆனால் 63-ஐ 36 என்று படித்து வைத்துவிட்டால் அந்த பைல் அறைக்குள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அப்படி ஒன்றை நான் செய்தேன். ஓர் இரவு டியூட்டியில் அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. மூச்சுத் திணறலோடு ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், முன்பு இங்கேயே சேர்ந்து சிகிச்சை பெற்றவர், பழைய கேஸ் ஷீட் உடனே வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நாற்பது நிமிடம் தேடினேன். கடைசியில் 36-இல் கிடைத்தது. திருப்பி வைத்தவர் என்ற கட்டத்தில் என் இனிஷியல். மாடிப்படி ஏறும்போது அட்டையைப் பார்த்தேன். சிவப்பு மையில் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று எழுதியிருந்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் பைலுக்காகக் காத்திருக்காமல் வீட்டுக்காரர்களிடம் கேட்டு, பரிசோதித்து, சிகிச்சையை ஆரம்பித்திருந்தார்கள். டியூட்டி டாக்டர் என்னைத் திட்டவும் இல்லை. "சரி, கிடைச்சுதே" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த இரவு நான் தூங்கவில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் கதை அழகாக முடிந்துவிடும். உண்மையில் நடந்தது வேறு. அடுத்த ஆறு மாதம் பயத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை படித்தேன். தவறு குறைந்தது, வெறுப்பு குறையவில்லை. பயம் ஒருவரைக் கவனமாக்கும், அதோடு சரி. வேலையில் நிறைவைத் தரும் சக்தி அதற்குக் கிடையாது. ஊழியர்களைப் பயத்தில் வைத்து நல்ல வேலை வாங்கலாம் என்று நினைக்கும் மேலாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

மாற்றம் வந்தது ஒரு வயதான அம்மாவால். இறந்துபோன கணவருடைய கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்திருந்தார். அடையாளச் சான்று, உறவுச் சான்று, மேலதிகாரியின் அனுமதி எல்லாம் சரியாக இருந்தன. பைல் 11 வருடம் பழையது. எனக்கு எரிச்சல். அவ்வளவு பழைய பைல்கள் உயரமான தட்டில் இருக்கும், ஏணி போட வேண்டும். எடுத்து வந்து நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர் நகலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றார்.

"தம்பி, அசலை ஒருதரம் பார்க்கலாமா? எடுத்துட்டுப் போகமாட்டேன்."

கூட இருந்து காட்டுவதில் தவறில்லை என்று மேஜையில் விரித்தேன். அவர் எந்த ரிப்போர்ட்டையும் பார்க்கவில்லை. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிக்கும் படிவத்தைத் தேடி எடுத்தார். கீழே கணவருடைய கையெழுத்து. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"கை நடுங்கியிருக்கு பாருங்க. என்கிட்ட பயமே இல்லைன்னு சொன்னாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருக்கீங்களே தம்பி, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெச்சிருக்கவில்லை. வைத்தவர் யார் என்று பார்த்தேன். எங்கள் பிரிவில் அப்போது 20 வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்டிருந்த அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய இனிஷியல்தான் அட்டையில் இருந்தது. அந்த அக்கா ஒவ்வொரு பைலையும் அடுக்கும் முன் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி விளிம்பைச் சமன் செய்வார். கிழிந்த பக்கத்துக்கு ஓரம் ஒட்டுவார். வேலை இல்லாதவர் செய்கிற வேலை என்று மூன்று வருடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒட்டியிருக்காவிட்டால் அந்தச் சம்மதப் படிவம் என்றைக்கோ நழுவி விழுந்திருக்கும்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நானும் அக்காவும் ஒரே அறையில், ஒரே சம்பள விகிதத்தில், வேறு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். நான் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஆட்களைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்.

பின்னாளில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது, ஆராய்ச்சியாளர்களும் இதே விஷயத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஏமி ரெஸ்னெஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1997-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேலையை வருமானத்துக்கான வழியாகப் பார்ப்பவர்கள், முன்னேற்றத்துக்கான ஏணியாகப் பார்ப்பவர்கள், தன் வாழ்க்கையின் பொருளாகவே பார்ப்பவர்கள் என்று மூன்று விதம் உண்டு என்றார்கள். அதில் என்னை உலுக்கியது ஒரு சின்னத் தகவல். கலந்துகொண்ட 196 பேரில் 24 பேர் கல்லூரி அலுவலக உதவியாளர்கள். அந்த 24 பேரும் இந்த மூன்று வகைகளிலும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருந்தார்கள். பதவிப் பெயர் ஒன்றாக இருந்தும் பார்வை மூன்றாக இருந்திருக்கிறது.

சரி, பார்வையை எப்படி மாற்றுவது? 'இனிமேல் நேர்மறையாக இருப்பேன்' என்று முடிவெடுத்தால் மாறாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன், திங்கட்கிழமை எடுத்த முடிவு புதன்கிழமை தாங்காது. எனக்கு உதவியவை எல்லாம் கையால் செய்த வேலைகள். மனது அவற்றுக்குப் பின்னால் மெதுவாக வந்தது.

முதலில், என் வேலை போய்ச் சேரும் இடத்தைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். கையெழுத்து விட்டுப்போன கேஸ் ஷீட்டுகளை உதவியாளரிடம் கொடுத்து வார்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். சனிக்கிழமைகளில் நானே எடுத்துப் போகிறேன் என்று பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அரை மணி நேர வேலை. வார்டில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, நாம் அனுப்பும் பைலை அங்கே என்ன செய்கிறார்கள் என்று. சிஸ்டர்கள் முதலில் ஒவ்வாமை எழுதிய பக்கத்தைத் தேடுகிறார்கள், அடுத்து மருந்துப் பட்டியல். புதிதாக வரும் டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுகிறார். நாங்களோ தேதி வரிசையில் கட்டி, சம்மரியை அடியில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். பொறுப்பாளரிடம் சொன்னேன், அவர் டாக்டர்களிடம் பேசினார், சம்மரி மேலே வந்தது. எனக்குத் தெரிந்து அந்த அறையில் என் சொல்லால் நடந்த முதல் மாற்றம் அது. வீட்டுக்குப் போய் அதைப் பற்றிப் பேசினேன். வேலையைப் பற்றி நான் வீட்டில் சந்தோஷமாகப் பேசிய முதல் நாளும் அதுவாகத்தான் இருக்கும்.

நம் உழைப்பால் பயனடையும் ஆளை நேரில் பார்ப்பதற்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை ஆடம் கிராண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை காட்டுகிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போன் மூலம் நன்கொடை திரட்டும் ஊழியர்கள். நாள் முழுக்க மறுப்பைக் கேட்கும் வேலை. அவர்களில் ஒரு குழுவினரை, அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரோடு சில நிமிடங்கள் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழு போனில் பேசிய நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. யாரும் அவர்களுக்கு ஊக்க உரை ஆற்றவில்லை, சம்பளம் கூட்டவில்லை. அந்தக் கிழவியம்மா என் மேஜைக்கு முன்னால் நின்ற பத்து நிமிடத்தை நான் அனுபவித்திருக்காவிட்டால் இந்தக் கணக்கை நம்பியிருக்க மாட்டேன்.

நீங்கள் செய்யும் வேலையின் கடைசி முனையில் யார் இருக்கிறார் என்பது சில வேலைகளில் எளிதில் தெரியாது. கணக்கு எழுதுபவர், மென்பொருளில் பிழை திருத்துபவர், கிடங்கில் சரக்கு எண்ணுபவர் எல்லோருக்கும் இது சிரமம்தான். ஆனாலும் ஒரு படி தாண்டிப் போய்ப் பார்க்கலாம். உங்கள் மேஜையிலிருந்து அந்தத் தாள் யார் மேஜைக்குப் போகிறதோ அவரிடம், "நான் அனுப்புறது உங்களுக்கு வசதியா இருக்கா?" என்று ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலானவர்களிடம் இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து நான் செய்தது, இரண்டு வாரம் என் நேரத்தைக் குறித்துவைத்தது. கால் மணிக்கு ஒரு கோடு, என்ன செய்தேன் என்று ஒரு சொல். நாள் முழுக்க பைல் தேடுவதே என் வேலை, அதுதான் என்னைத் தின்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் தேடுவது ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. திரும்பி வந்த பைல்களைப் பிரிப்பது இரண்டரை மணி நேரம். அதன் நடுவே வரும் போன்தான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. ஒரு கட்டைப் பாதி பிரித்திருக்கும்போது போன், எழுந்து போய் வந்தால் எங்கே விட்டேன் என்று தெரியாது. 63 போய் 36-இல் உட்காருவது அந்த நிமிடங்களில்தான். ஆக நான் வெறுத்தது வேலை முழுவதையும் இல்லை, அது துண்டு துண்டாக உடைவதை. நாங்கள் நான்கு பேரும் பேசி, போன் எடுப்பதை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். காசு செலவில்லாத ஏற்பாடு. என் நாளே வேறாகிவிட்டது.

'என் வேலை பிடிக்கவில்லை' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அதில் எந்த ஒரு மணி நேரம் பிடிக்கவில்லை? பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. வெறுப்பு முழு நாளுக்கும் பூசப்பட்டிருக்கும், காரணம் ஒரு மூலையில் இருக்கும்.

அந்தக் குறிப்பில் இன்னொன்றும் தெரிந்தது. தினமும் ஒன்றேகால் மணி நேரம் நானும் பக்கத்து மேஜை அண்ணனும் நிர்வாகத்தைக் குறை சொல்வதில் போயிருந்தது. அது ஆறுதலாகத்தான் இருக்கும். பேசி முடித்ததும் மனது இன்னும் கனமாகிவிடும். புலம்பவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், மனிதர்களால் அது முடியாது. நான் எனக்கு வைத்துக்கொண்ட வழக்கம், ஒரு குறையை இரண்டாவது தடவை சொல்வதானால் அதைத் தீர்க்கக்கூடியவரிடம்தான் சொல்வது. அண்ணனோடு பேச்சே நின்றுவிடுமோ என்று கவலையாக இருந்தது. அவர் முன்பு செய்த வேலையைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். அச்சகத்தில் எழுத்துக் கோத்திருக்கிறாராம். எழுத்தைத் தலைகீழாகவும் கண்ணாடியில் பார்ப்பது போலவும் படித்துப் பழகிய கண். 36-க்கும் 63-க்கும் வித்தியாசம் அவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்! ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இது எனக்குத் தெரியாது. அவரும் நானும் சேர்ந்துதான் ரேக்குகளுக்குப் பத்துப் பத்தாக நிறப் பட்டை ஒட்டினோம். முப்பதுகளுக்குப் பச்சை, அறுபதுகளுக்கு ஆரஞ்சு. மாதம் ஒருமுறை ஏதோ ஒரு ரேக்கில் 200 பைலைச் சரிபார்ப்போம். முதல் மாதம் இடம் மாறியவை ஒன்பது. ஆறாவது மாதம் இரண்டு. அந்த இரண்டு என்ற எண்ணை அவர் சுவரில் எழுதி ஒட்டினார்.

கொடுக்கப்பட்ட வேலைக்குள்ளேயே இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்களை நாமே செய்துகொள்வதை 2001-இல் ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் அவர்கள் கண்டவை அந்தச் சிந்தனைக்கு முக்கியமான அடித்தளம். சிலர் தங்கள் வேலையைத் தரை துடைப்பது என்றே விவரித்தார்கள். வேறு சிலர், அதே வேலையில் இருந்துகொண்டு, நோயாளிகளோடு பேசினார்கள், வருபவர்களுக்கு வழி காட்டினார்கள், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாகச் சொன்னார்கள். நினைவிழந்து கிடக்கும் நோயாளிகளின் அறையில் சுவர்ப் படங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைத்த ஒருவரைப் பற்றி ரெஸ்னெஸ்கி பேசியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் அக்காவின் கை நினைவுக்கு வந்தது, பைலை இரண்டு தட்டுத் தட்டும் அந்தக் கை.

நாள் முடிவில் ஒரு வரி எழுதும் பழக்கமும் அப்போது வந்தது. இன்று எது ஒரு அடி முன்னால் நகர்ந்தது என்பது மட்டும். '27-ஆம் கட்டு முடிந்தது.' 'நாலு மாதமாகக் கையெழுத்து இல்லாமல் இருந்த சம்மரி இன்று வந்தது.' ஹார்வர்டைச் சேர்ந்த தெரசா அமபிலே ஏழு நிறுவனங்களில் 238 பேர் தினமும் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்து, அர்த்தமுள்ள வேலையில் கிடைக்கும் சின்ன முன்னேற்றம்தான் ஒரு நாளை நல்ல நாளாக்குவதில் முதலிடம் பெறுகிறது என்று கண்டார். எங்களைப் போன்ற வேலையில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. ரேக் காலையிலும் நிறைந்திருக்கும், மாலையிலும் நிறைந்திருக்கும். எழுதினால்தான் தெரியும். எழுத எதுவுமே இல்லாத நாட்களும் உண்டு, அன்று தேதியை மட்டும் எழுதி மூடிவிடுவேன்.

இனி அந்த ஆபத்தான பாதி.

என் ஏழாவது வருடத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து வேலையை விட்டுப் போனார்கள். புதிதாக ஆள் எடுக்கவில்லை. நான்கு பேர் வேலையை இரண்டு பேர் செய்தோம். கேட்டபோது, "கொஞ்சம் பாசிட்டிவா எடுத்துக்குங்க" என்று பதில் வந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அதுதான் என் தவறு. அதற்குள் எனக்கு என் வேலை பிடித்துப்போயிருந்தது, பிடித்த வேலைக்காகக் கஷ்டப்படுவது பெருமை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசையும். தூக்கம் கெட்டது. ஒரு நாள், அப்பாவின் பைல் நகல் கேட்டு வந்த ஒரு பையனிடம் எரிந்து விழுந்தேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது. அவன் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன்அவுட்' எனப்படும் இந்த நிலையைப் பற்றித் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் விளக்கம் கொடுத்தது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனது விலகிக் கசந்துபோதல், திறமையாகச் செய்கிறோம் என்ற உணர்வு குறைதல் என்று மூன்று அடையாளங்கள். இதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, தொடர்ந்த பணியிட அழுத்தத்தால் வருவது என்கிறது. இந்த வாக்கியத்தைப் படித்தபோது பெரிய நிம்மதி கிடைத்தது. அழுத்தம் பணியிடத்தில் இருக்கும்போது, குறையை என் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

1959-இல் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி ஒன்றைச் சொன்னார். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் போன்றவை மோசமாக இருந்தால் அதிருப்தி வரும். சரியாக இருந்தால் அதிருப்தி போகும், அவ்வளவுதான். நிறைவு வருவது சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை இவற்றால். பின்னால் வந்தவர்கள் இந்தப் பிரிவினையைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அது ஒரு தெளிவைத் தந்தது. மனநிலையால் சரிசெய்யக்கூடியது ஒரு பக்கம், கேட்டு வாங்க வேண்டியது இன்னொரு பக்கம். ஆள் பற்றாக்குறையைச் சிரித்த முகத்தால் நிரப்ப முடியாது. நிரப்ப முயன்றால், பற்றாக்குறை இருப்பதே மேலே தெரியாமல் போகும்.

ஆறு வாரம் கணக்கு வைத்தேன். நாளுக்கு எத்தனை பைல் கேட்டார்கள், ஒன்றை எடுத்துக் கொடுக்க எத்தனை நிமிடம், மாலையில் அடுக்காமல் மிச்சம் எத்தனை. குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி, இன்னொரு ஆள் இருந்தால் என்ன மாறும் என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தேன். நான்கு மாதம் ஆனது. ஒருவர் வந்தார். கேட்டது இரண்டு, கிடைத்தது ஒன்று, அதுவே மூச்சு விடப் போதுமாக இருந்தது. இப்படிக் கேட்பதும் வேலை மீதான அக்கறைதான் என்பதை இளையவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். வேலையை நேசிப்பவர் குறைந்த சம்பளத்துக்கும் அவமரியாதைக்கும் வாய் மூடி இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. எங்களோடு இருந்த ஒருவர், மேலதிகாரி ஒருவர் பலர் முன்னால் தொடர்ந்து இழிவாகப் பேசியதால், விலகிப் போனார். அவர் செய்தது சரி. அங்கே அவர் மாற்றிக்கொள்ள வேண்டிய மனநிலை எதுவும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வேலையைத் தூக்கிப் போகாமல் இருக்கவும் அந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன். கிளம்பும் முன் நாளை காலை முதலில் செய்ய வேண்டிய மூன்றை ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துவிடுவேன். தாள் அங்கே இருப்பதால் தலையில் இருக்க வேண்டியதில்லை. எளிதாகத் தெரியும், எனக்குப் பழக ஒரு வருடம் பிடித்தது.

அக்கா ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. இப்போது பழைய பைல்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். போன வருடம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். நன்றாகப் படித்தவர். இரண்டாவது மாதமே முகம் வாடிவிட்டது. ஒரு நாள் ஸ்கேனர் பக்கத்தில் நின்றபடி, "சார், 16 வருஷம் எப்படி இங்க இருந்தீங்க?" என்று கேட்டார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். மேல் வார்டிலிருந்து ஒரு பழைய கேஸ் ஷீட் கேட்டிருந்தார்கள். அதை அவர் கையில் கொடுத்து, "கொடுத்துட்டு உடனே வந்துடாதீங்கம்மா. ரெண்டு நிமிஷம் நின்னு, அவங்க முதல்ல எந்தப் பக்கத்தைத் திருப்புறாங்கன்னு பார்த்துட்டு வாங்க" என்றேன்.

இருபது நிமிடம் ஆயிற்று. படியில் வேகமாக இறங்கி வரும் சத்தம் கேட்டது.

"சார், அவங்க நேரா அலர்ஜி பக்கத்துக்குத்தான் போறாங்க. நாம ஏத்துற ஸ்கேன்ல அது முப்பத்தேழாவது பக்கமா இருக்கு. அவசரத்துல யாரு அவ்வளவு தூரம் புரட்டுவாங்க? அதை முன்னால கொண்டுவர முடியாதா?"

முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, பார்க்கலாம் என்றேன். அன்று மாலை கிளம்பும் நேரம் தாண்டியது தெரியாமல், இரண்டு பேரும் மூன்று பைல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கங்களை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.